நூற்றுப் பன்னிரண்டாவது மரம்

கடையாலுமூட்டுக்குக் கிழக்கே இந்த மலைச்சரிவில்
முந்நூறு மூடு ரப்பர்.
அதில் ஒன்றே ஒன்றின் அடியில்தான்
டவர் எடுக்கும்.

விடியுமுன் நாலரை.
தலையில் கட்டிய லைட்டு
ஒரு தட்டளவு பட்டையில் விழ
கத்தியை இழுத்துக்கொண்டே ஏறுவேன்.
நூற்றுப் பதினொன்று முடிந்ததும்
கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
அடுத்த மரத்துச் சிரட்டைக் கம்பியில்
போனைச் செருகி வைப்பேன்.

அங்கே ஏழு மணி.
பிரின்ஷா கிளாசுக்கு இறங்கிக்கொண்டிருப்பாள்.
இறங்குவதென்றால்,
நகரும் படி ஒன்று, பிறகு ஒன்று, பிறகும் ஒன்று,
எட்டு எண்ணிய பிறகும் தரை வராது.
சோங்சிங்கில் ஸ்டேஷன் மலைக்குள்ளே இருக்கிறது.
“நம்ம சர்ச் கோபுரத்தைத் தலைகீழா இறக்கினா
நாலு கோபுரம் கொள்ளும்மா” என்பாள்.
அத்தனை ஆழத்திலும் அவளுக்கு நாலு கோடு.
மலைமேல் நிற்கும் எனக்கு ஒன்று,
காற்றடித்தால் அதுவும் இல்லை.

பாதாளத்துக்குக் கிடைத்தது
எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று
டெலிபோன் ஆபீசில் ஒருநாள் கேட்டேன்.
மனு எழுதித் தரச் சொன்னார்கள்.
தந்தேன்.

இந்த மரம் எதுவும் என்னுடையதல்ல.
மூன்று வருஷம் முன்பு வரை என்னுடையது.
அவள் டாக்டராகும் முதல் தவணைக்கு
மேல்புறம் ஞானதாஸ் பேருக்கு எழுதினேன்.
இப்போது அதே மரத்தை, அதே கத்தியால்,
மூட்டுக்கு இவ்வளவு என்று கூலிக்கு வெட்டுகிறேன்.
மரத்துக்குத் தகவல் சொல்லவில்லை.
முன்போலவே சுரக்கிறது.

ஒருநாள் போனைத் திருப்பிக் காட்டினாள்.
வெளிச்சப் பலகையில்
மலைமேல் மலையை ஏற்றிவைத்தாற்போல் ஓர் எழுத்து,
பக்கத்தில் வெறும் சதுரம்.
“முதல்ல உள்ளது வெளியே. மற்றது வாய்.
சேர்த்தா, வெளிய போற வழி.”
இந்த இரண்டும் தெரிந்தால்
அந்த ஊரில் தொலைந்து போகமாட்டார்களாம்.
ஷீட்டுக் கணக்கு நோட்டில் வரைந்து வைத்தேன்.

தை பிறந்து நாலாம் நாள்
போனை எடுத்தாள், பேசவில்லை.
பெஞ்சில் இருக்கிறாள். பின்னால் கண்ணாடிக் கதவுகள்.
ரயில் வந்தது, கதவு திறந்தது, ஏறவில்லை.
“பத்தாலஜி போச்சும்மா.”

போனால் போகட்டும் என்று சொல்லக்
கடன் விடவில்லை.
இன்னும் நல்லா படி என்று சொல்ல
அந்த முகம் விடவில்லை.
மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன்.
நகர்ந்தால் கட்டாகும்.

ஒரு சீனத்தி ஏதோ அறிவிக்கிறாள்,
ரயில் வருகிறது, போகிறது.
எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம்.
சனம் இறங்கியது, சனம் ஏறியது,
ஒருத்தர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை;
அதுவும் ஓர் உபகாரம்தான் என்று பட்டது.
என் லைட்டு மங்கி மங்கி அணைந்தது.

“அது என்ன சத்தம்?”
“எது?”
“அந்தச் சொட்டு.”
“பால். முந்தின மரத்துல.”
“கிட்ட வை.”

கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்தேன்.
இரண்டு முறை கட்டானது,
இரண்டு முறையும் அவளே கூப்பிட்டாள்.
முப்பத்திரண்டாவது ரயிலில் ஏறினாள்.

இங்கே வெயில் இறங்கியிருந்தது.
வெயிலில் வெட்டினால் பால் நிற்காமல் உறைந்துபோகும்.
நூற்றெண்பத்தொன்பது மூடு வெட்டாமல் நின்றன.
ஞானதாஸ் கூலியைப் பிடித்தார். நியாயம்தான்.

அன்றைக்கு இறங்கும்முன்
அந்த மரத்தின் தூரில் கத்திமுனையால் கீறினேன்,
மலைமேல் மலை.
சதுரம் கோணலாகப் போயிற்று.
அதிலும் ஒரு சொட்டு கசிந்தது.

மாசியில் தோட்டம் பார்க்க வந்தவர்
குனிந்து தடவினார்.
“ரெத்தினபாய், இது எவன் வேலை?”
“முள்ளம்பன்றி.”
“முள்ளம்பன்றி சதுரம் கீறுமா?”
“இந்தப் பக்கத்துல உள்ளது கீறும்” என்றேன்.